உல்லாசப் படகும் தடுப்புக் கப்பலும்: கிறீனிச்சுக்குக் கீழே ஓடும் தேம்ஸ்

லண்டனுக்கு வரும் உறவினரை எம்மவர்கள் கூட்டிக்கொண்டு போகும் இடங்களுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் கோயில், பிறகு மெழுகுச் சிலைகள், அதற்குப் பிறகு தேம்ஸில் படகு. கனடாவிலிருந்தோ பாரிஸிலிருந்தோ வந்த மச்சாள் குடும்பத்தை வெஸ்ற்மின்ஸ்ரர் இறங்குதுறையில் ஏற்றிக் கிறீனிச்சில் இறக்கும் அந்த ஒரு மணித்தியாலப் பயணத்தைக் குறைந்தது பத்துப் பன்னிரண்டு தடவையாவது நான் செய்திருப்பேன். படகில் ஒலிபெருக்கி வழியாகச் சொல்லப்படும் வரலாற்றைப் பற்றியும், அது எந்த இடத்தில் நின்றுவிடுகிறது என்பதைப் பற்றியும் சில விடயங்களை இங்கு எழுத விரும்புகிறேன்.

படகோட்டிகளுள் ஒருவரே ஒலிவாங்கியை எடுத்து, 'நான் முறைப்படி பயிற்சி பெற்ற வழிகாட்டி அல்ல' என்ற முன்னுரையோடு தொடங்குவார். இறங்கும்போது தொப்பி நீட்டப்படும் என்பதும் பகிடியாக முன்கூட்டியே அறிவிக்கப்பட்டுவிடும். பிறகு இரு கரைகளும் கதைகளாக நகரும்: பாராளுமன்றம், கிளியோபாற்றாவின் தூண், துரோகிகளின் வாயில் என அழைக்கப்படும் கோட்டை வாசல், 1894இல் திறக்கப்பட்ட ரவர் பாலம், கடற்கொள்ளையரைத் தூக்கிலிட்ட வொப்பிங் கரை, கனாறி வோர்ஃப் கோபுரங்கள், கடைசியாகக் கற்றி சார்க் என்ற தேயிலைக் கப்பல். கேட்கச் சுவையாகத்தான் இருக்கும். மன்னர்களும் கொலைகளும் மதுச்சாலைகளும் மாறி மாறி வரும் இந்த வரலாறு, யாரையும் சங்கடப்படுத்தாத வரலாறு.

இந்தப் பேச்சில் தவறு எதுவும் இருப்பதாக நான் சொல்லவில்லை. தொழிலாளி ஒருவர் நாளுக்கு ஐந்தாறு தடவை சொல்ல வேண்டிய கதையில் இவ்வளவுதான் அடங்கும். எனினும் கரையில் உள்ளவற்றில் எதை அது தொடுகிறது, எதைத் தாண்டிப் போகிறது என்பது கவனிக்கத் தக்கது. கிளியோபாற்றாவின் தூணையே எடுத்துக்கொள்வோம். எகிப்திலிருந்து அதைக் கொண்டுவந்தபோது 1877 ஒக்ரோபரில் பிஸ்கே வளைகுடாவில் புயலில் சிக்கி ஆறு மாலுமிகள் இறந்தார்கள். அந்த ஆறு பேரின் பெயர்களும் தூணின் அடியில் பொறிக்கப்பட்டுள்ளன. தூண் தேம்ஸ் கரையில் நிறுத்தப்பட்டது 1878 செப்ரெம்பர் 12ஆம் திகதி. அதற்கு ஒன்பது நாட்களுக்கு முன்னர் இதே ஆற்றில் அறுநூறுக்கு மேற்பட்டோர் ஒரே மாலையில் இறந்திருந்தனர். அவர்களில் எத்தனையோ பேரின் பெயர் இன்றுவரை எவருக்கும் தெரியாது. அவர்கள் இறந்தது ஓர் உல்லாசப் படகில்.

தேம்ஸில் நீராவிப் படகு பயணிகளை ஏற்றத் தொடங்கியது 1815இல். மார்ஜரி என்ற சிறு கப்பல் லண்டனுக்கும் கிரேவ்ஸெண்டுக்கும் இடையே ஓடியது. அதுவரை ஆற்றில் ஆட்களை ஏற்றிவந்தவர்கள் துடுப்புப் படகோட்டிகள். 1555ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த அவர்களுடைய சங்கத்தில் வருடக்கணக்காக எடுபிடியாக நின்று தொழில் பழகித்தான் படகோட்டியாக முடியும். பாலங்களும் நீராவியும் சேர்ந்து இரண்டு மூன்று தலைமுறைக்குள் அவர்களின் வயிற்றிலடித்தன. மறுபக்கத்தில், வாரத்தில் ஆறு நாளும் தொழிற்சாலையில் நின்ற குடும்பம் சில சில்லிங்குகளோடு புகையை விட்டு வெளியேற முடிந்ததும் இந்த நீராவிப் படகால்தான். கிரேவ்ஸெண்டின் ரோஷர்வில் பூங்காவுக்குப் போய்ப் பாட்டுக் கேட்டுவிட்டு இருட்டும்போது திரும்பி வருவது அக்காலத்து லண்டன்வாசிகளின் பெரிய கொண்டாட்டம்.

1878 செப்ரெம்பர் 3ஆம் திகதி மாலை அப்படித் திரும்பி வந்துகொண்டிருந்த சக்கர நீராவிக் கப்பலின் பெயர் பிறின்சஸ் அலிஸ். வூலிச்சுக்குச் சற்றுக் கீழே, கலியன்ஸ் வளைவுக்கருகில், நிலக்கரி ஏற்றப் போய்க்கொண்டிருந்த பைவெல் காசில் என்ற கப்பல் அதன்மேல் மோதியது. சுமார் நான்கு நிமிடங்களில் பிறின்சஸ் அலிஸ் உடைந்து மூழ்கியது. அதில் 936 பேரை ஏற்ற அனுமதி இருந்தது. உயிர்காப்புப் படகுகள் இரண்டே இரண்டு. லண்டன் நகரின் மலசலக் கழிவு முழுவதும் அந்த இடத்துக்கு அண்மையில்தான் ஆற்றில் திறந்துவிடப்பட்டது. விபத்துக்கு ஏறத்தாழ ஒரு மணித்தியாலத்துக்கு முன் அன்றைய கழிவு திறக்கப்பட்டிருந்தது. நீந்தத் தெரிந்தவர்களையும் அந்த நீர் விட்டுவைக்கவில்லை.

எத்தனை பேர் இறந்தார்கள்? 600க்கும் 700க்கும் இடையில் என்பதே வரலாற்று நூல்கள் தரும் விடை. ரிக்கற் வாங்கியவர்களின் பெயரை எவரும் எழுதி வைக்கவில்லை. மடியில் வந்த பிள்ளைகளை எவரும் எண்ணவில்லை. மீட்கப்படும் ஒவ்வொரு உடலுக்கும் குறைந்தது ஐந்து சில்லிங் என்று கூலி பேசப்பட்டதால், உடல்களுக்காகப் படகோட்டிகள் சண்டையிட்டதாகவும் பதிவுகள் உண்டு. தொழில் பறிபோன படகோட்டிகள் கடைசியில் பிணம் பிடித்துப் பிழைத்த அந்த இரவை எந்த ஒலிபெருக்கியும் சொல்வதில்லை. உடல்களுக்கு இலக்கம் இடப்பட்டது. உடைகளையும் உடைமைகளையும் பார்த்து உறவினர் அடையாளம் சொன்னார்கள். அடையாளம் காணப்படாத 120 பேர் வூலிச் பழைய மயானத்தில் ஒன்றாகப் புதைக்கப்பட்டனர். அங்கு நிற்கும் கல்லாலான சிலுவையை எழுப்பியது அரசு அல்ல. ஆறு பென்ஸ் ஆறு பென்ஸாக 23,000க்கு மேற்பட்டோர் கொடுத்த காசில் அது எழுந்தது. மரண விசாரணையும் பத்திரிகைக் கூச்சலும் முடிந்தபின் சில மாற்றங்கள் வந்தன: கழிவைக் கடலுக்குக் கொண்டுபோய்க் கொட்டினார்கள், ஆற்றுப் பொலிசாருக்கு நீராவிப் படகு கிடைத்தது, எதிரெதிரே வரும் கப்பல்கள் எந்தப் பக்கம் விலக வேண்டும் என்ற விதி இறுக்கமாயிற்று.

இந்த இடத்தை வெஸ்ற்மின்ஸ்ரரிலிருந்து வரும் உல்லாசப் படகு பொதுவாகத் தொடுவதில்லை. கிறீனிச்சில் கற்றி சார்க்குக்கு முன்னால் எல்லோரும் இறங்கிவிடுகிறார்கள். அங்கே முடிவது ஒரு பயணம் மாத்திரமல்ல, ஒரு வரலாற்றுப் பார்வையும் கூட என்று எனக்குத் தோன்றுவதுண்டு. எமக்குச் சம்பந்தமான தேம்ஸ் பெரும்பாலும் கிறீனிச்சுக்குக் கீழேதான் கிடக்கிறது.

அப்படியென்றால் மேலே எமக்கு ஒன்றுமில்லையா என்று கேட்கலாம். உண்டு. சாட் தேம்ஸ் பகுதியில் வாசனைத் திரவியம் வைத்த பண்டகசாலைகள் இன்று பணக்காரரின் குடியிருப்புகள். ஒன்றுக்குச் 'சினமன் வோர்ஃப்' என்று பெயர். இலங்கைத் தேயிலை 1873இல் 23 இறாத்தலாக மின்ஸிங் லேன் சந்தைக்கு வந்தது. அந்தச் சந்தையின் தேயிலை ஏலம் 1998 வரை நடந்தது. படகில் கற்றி சார்க் பற்றிக் கேட்கும்போது சீனத்துத் தேயிலையும் காற்றின் வேகமும் வரும். தொண்டியிலிருந்தும் தேவிபட்டினத்திலிருந்தும் தோணியேறி மன்னாரில் இறங்கி, மாத்தளைவரை காடுவழி நடந்து செத்தவர்களின் தொகை வராது. 2023இல் மலையக மக்கள் தங்கள் இருநூறாண்டை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு அதே வழியே நடந்தபோது, புகலிடத்து வடபகுதித் தமிழர்களாகிய நாம் அதை எவ்வளவு கவனித்தோம் என்பதும் கேட்கப்பட வேண்டிய கேள்வியே.

கிறீனிச்சுக்குக் கீழே முதலில் வருவது வூலிச். அமெரிக்கக் குடியேற்றங்கள் கிளர்ந்தெழுந்ததால் கைதிகளை அங்கே நாடுகடத்த முடியாமல் போனபோது, 1776இல் பிரித்தானியப் பாராளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. பழைய கப்பல்களின் பாய்மரங்களைக் கழற்றி ஆற்றில் நங்கூரமிட்டு, அவற்றுக்குள் கைதிகளை அடைக்கலாம் என்றது அச்சட்டம். இரண்டு வருடத்துக்கான தற்காலிக ஏற்பாடு என்றுதான் அது கொண்டுவரப்பட்டது. 1857வரை, அதாவது 81 வருடங்கள் நீடித்தது. முதலாவது சிறைக்கப்பல்களை நடத்தும் ஒப்பந்தம் டங்கன் காம்பெல் என்ற தனியாருக்குக் கொடுக்கப்பட்டது. அதற்கு முன்னர் கைதிகளை அமெரிக்காவுக்கு ஏற்றிப் பணம் பண்ணியவர் அவர். முதல் இருபது மாதங்களில் அடைக்கப்பட்டவர்களில் நான்கில் ஒருவருக்கு மேல் இறந்தார்கள். பகலில் சங்கிலியோடு இறங்கி ஆற்றின் சேற்றை வாரியவர்களும் வூலிச் ஆயுதசாலைக்குக் கரை கட்டியவர்களும் இந்தக் கைதிகளே. தற்காலிகம், தனியார் ஒப்பந்தம், கரையில் காலூன்ற விடாத காவல்: இந்த மூன்றையும் வாசகர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டும். 1987இல் இவை திரும்ப வரும்.

வூலிச்சிலிருந்து இன்னும் கீழே போனால் ரில்பறி. 1948 யூன் 22ஆம் திகதி கரீபியன் தீவுகளிலிருந்து வந்த விண்ட்ரஷ் கப்பலின் பயணிகள் இங்கே இறங்கினார்கள். பல்லினப் பிரித்தானியாவின் பிறப்பாக இந்நாடு இன்று கொண்டாடும் நாள் அது. (விண்ட்ரஷ் தலைமுறையினர் பலரின் வதிவுரிமையை மறுத்து 2018இல் அரசு அவமானப்பட்ட பின்னரும் கொண்டாட்டம் குறையவில்லை.) ஆனால் கப்பலின் முன்கதையை அறிந்தவர்கள் குறைவு. அது ஜேர்மனியில் கட்டப்பட்டது. முதற்பெயர் மொன்ரே றோசா. நாசிகள் ஆட்சியில், 'மகிழ்ச்சியால் வலிமை' என்ற அரச இயக்கம் தொழிலாளரை உல்லாசப் பயணம் அழைத்துச் சென்ற கப்பல்களுள் அதுவும் ஒன்று. 1942 நவம்பரில் அதே கப்பலில் நோர்வேயிலிருந்து 46 யூதர்கள் நாடுகடத்தப்பட்டார்கள். அவர்களில் இருவரைத் தவிர அனைவரும் அவுஷ்விற்சில் இறந்தனர். யுத்தம் முடிந்தபின் பிரித்தானியா கப்பலைக் கைப்பற்றி, தேம்ஸில் கலக்கும் ஒரு சிற்றாறின் பெயரை அதற்குச் சூட்டியது. விடுமுறைக் கப்பல், நாடுகடத்தும் கப்பல், குடிவரவாளர் கப்பல் மூன்றும் ஒரே இரும்புதான். தளங்களும் படிக்கட்டுகளும் மாறவில்லை. ஏறியவர்களும் ஏற்றியவர்களுமே மாறினார்கள்.

எமது கப்பலுக்கு வருகிறேன். அது தேம்ஸில் நிற்கவில்லை. தேம்ஸ் கழிமுகத்துக்கு வடக்கே, எசெக்ஸ் கரையில், ஸ்ரவர் ஆறு கடலோடு சேரும் ஹாரிச் துறைமுகத்தில் நின்றது. 1983 யூலைக்குப் பின்னர் தமிழர்கள் வரத் தொடங்கியதும் 1985இல் இலங்கையருக்கு விசா கட்டாயமாக்கப்பட்டது. பொதுநலவாய நாடுகளுள் அப்படிக் கட்டுப்படுத்தப்பட்ட முதல் நாடு எமது நாடு. 1987 பெப்ரவரியில் திருப்பி அனுப்பப்படவிருந்த தமிழ் இளைஞர்கள் ஹீத்றோ ஓடுபாதையில் தம் உடைகளைக் களைந்து எதிர்த்த படங்கள் உலகெங்கும் வெளிவந்தன. அதே ஆண்டு, விசா இல்லாதவர்களை ஏற்றிவரும் விமானக் கம்பனிகளுக்கு ஆளுக்கு 1,000 பவுண் தண்டம் விதிக்கும் சட்டம் வந்தது. இந்தப் பின்னணியில்தான் உள்நாட்டு அமைச்சு ஏர்ல் வில்லியம் என்ற கப்பலை வாடகைக்கு எடுத்தது.

1964இல் வைக்கிங் இரண்டு என்ற பெயரோடு ஓடத் தொடங்கிய அக்கப்பல் கார்களையும் விடுமுறைக்காரரையும் ஆங்கிலக் கால்வாயைக் கடந்து ஏற்றிச் சென்றது. பிற்காலத்தில் சனல் தீவுகளுக்கும் ஓடியது. 1987 மே மாதத்திலிருந்து அதில் அரசியல் தஞ்சம் கேட்டவர்கள் அடைக்கப்பட்டார்கள். பெரும்பாலானோர் ஈழத்தமிழர்கள். காவல் பொறுப்பு ஒரு தனியார் பாதுகாப்பு நிறுவனத்திடம். நிலத்தில் இடமில்லாததால் செய்த தற்காலிக ஏற்பாடு என்றது அமைச்சு. ஒக்ரோபர் 15ஆம் திகதி இரவு தென் இங்கிலாந்தைப் பெரும் புயல் தாக்கியது. மறுநாள் அதிகாலை ஏர்ல் வில்லியம் கயிறறுத்து, உள்ளே இருந்தவர்களோடு மிதந்து போய் மணல்திட்டில் தட்டி நின்றது. எவருக்கும் உயிராபத்து இல்லை. ஆனால் அதன்பிறகு அவர்களை அங்கே வைத்திருப்பதை அமைச்சால் நியாயப்படுத்த முடியவில்லை. பெரும்பாலானோர் தற்காலிக அனுமதியில் கரைக்கு விடப்பட்டனர். 'எங்கட வழக்கில் வாயுபகவான்தான் அப்பீல் நீதிபதி' என்று அதிலிருந்த நண்பர் ஒருவர் பகிடி விடுவார். பகிடிதான். ஆனால் அவரைக் கிறீனிச் படகில் ஏற்றினால் கீழ்த்தளத்தில் இருக்கமாட்டார். மழை பெய்தாலும் மேலேதான் நிற்பார்.

ஏர்ல் வில்லியம் பிறகு திருத்தப்பட்டு, வேறு பெயர்களிலும் வேறு கடல்களிலும் விடுமுறைக்காரரை ஏற்றியது. 2023இல் டோர்செற் கரையில் பிபி ஸ்ரொக்ஹோம் என்ற மிதக்கும் விடுதியில் தஞ்சம் கேட்டவர்களை அரசு குடியேற்றியபோது (அது 2024 நவம்பரில் முடிவுற்றது) ஆங்கிலப் பத்திரிகைகளிற் சிலவே 1987ஐ நினைவுபடுத்தின. எமது பத்திரிகைகளோ அதனினும் குறைவு.

இந்த மறதிக்கு ஆங்கிலேயரை மாத்திரம் குற்றம் சொல்ல முடியாது. ஒரு படகு எப்படி நினைவாக மாறுகிறது என்பதை அவர்களிடமே படிக்கலாம். தேம்ஸில் 'சரித்திரப் படகு' என்று பெருமையோடு காட்டப்படுபவை டன்கேர்க் சென்ற சிறுபடகுகள். 1940 மே 26 முதல் யூன் 4 வரை பிரான்சின் கரையிலிருந்து 338,226 படையினர் மீட்கப்பட்டனர். ஆற்றில் உல்லாசப் பயணிகளை ஏற்றிய படகுகளும் அதற்குப் போயின. ரைற்றானிக் விபத்தில் தப்பிய அதிகாரி லைற்ரோலர் தன் சொந்தப் படகில் 120க்கு மேற்பட்டோரை அடுக்கிக் கொண்டுவந்தார். மீட்கப்பட்டவர்களில் பெரும்பாலானோர் உண்மையில் துறைமுக அலைதடுப்பிலிருந்து போர்க்கப்பல்களிலும் பெரிய கப்பல்களிலும் ஏறியவர்கள் என்று வரலாற்றாசிரியர்கள் காட்டியுள்ளனர். இருந்தும் நினைவில் நின்றது சிறுபடகே. காரணம், 1966இல் அவற்றின் சொந்தக்காரர்கள் ஒரு சங்கம் அமைத்தார்கள். படகு படகாகத் தேடி, கட்டிய ஆண்டு, கட்டிய பட்டறை, அன்று ஓட்டியவர் என்று பதிவேடு எழுதினார்கள். ஒரு கொடி வைத்தார்கள். 2012இல் மகாராணியின் வைரவிழா ஊர்வலத்தில் அப்படகுகள் தேம்ஸில் அணிவகுத்தன.

இந்தப் பதிவேட்டிலும் ஓட்டைகள் உண்டு. டன்கேர்க்கில் கோவேறு கழுதைகளோடு நின்ற இந்தியப் படையினர், பெரும்பாலும் பஞ்சாப் முஸ்லிம்கள், அண்மைக்காலம் வரை கதைக்குள் வரவேயில்லை. 2017இல் வந்த பெரிய சினிமாவும் அவர்களைக் காணவில்லை. பதிவேடு இருப்பதன் பயன் இதுவும்தான்: எவர் விடுபட்டார் என்று விரல் வைத்துக் கேட்க முடிகிறது. பதிவேடே இல்லாத இடத்தில் அந்தக் கேள்வியைக்கூடக் கேட்க முடியாது.

1989 ஓகஸ்ட் 20ஆம் திகதி அதிகாலை, 1923இல் கட்டப்பட்ட மார்ஷனஸ் என்ற உல்லாசப் படகு கனன் ஸ்ரீற் பாலத்தருகே மணல் அள்ளும் கப்பல் ஒன்றால் மோதுண்டு மூழ்கியது. பிறந்தநாள் கொண்டாடிய இளைஞர்கள்; 51 பேர் இறந்தனர். பக்கத்தில் சென்ற ஹேர்லிங்கம் என்ற இன்னொரு படகு பலரை ஏற்றிக் காப்பாற்றியது. எத்தனை பேர் ஏறியிருந்தார்கள் என்பதே அன்றும் முதலில் தெளிவில்லாமல் இருந்தது. பிறின்சஸ் அலிஸ் முடிந்து 111 வருடங்களுக்குப் பின்னரும். இறந்தவர்களின் பெற்றோர் பத்து வருடத்துக்கு மேல் அரசோடு மல்லாடித்தான் முழு விசாரணையைப் பெற்றார்கள். 2002இல் தேம்ஸில் உயிர்காப்புப் படகு நிலையங்கள் திறக்கப்பட்டதும் அதன் விளைவே. இன்று படகில் ஏறும்போது பணியாள் கையில் சிறிய கருவி ஒன்றை 'கிளிக், கிளிக்' என்று அழுத்தி எங்களை எண்ணுவார். பிள்ளைகள் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள். அந்தக் கிளிக் சத்தத்துக்குள் இருக்கும் வரலாறு ஒலிபெருக்கியில் வருவதை விடப் பெரிது.

யாழ்ப்பாணத்தில் ஆறு கிடையாது. வழுக்கியாறு என்று ஒன்று உண்டென்று பூமிசாஸ்திரப் புத்தகத்தில் படித்தோம். அதுவும் மாரியில் மாத்திரம். எமக்கு ஆறாக இருந்தவை கடனீரேரியும் பாக்குநீரிணையும். அங்கே ஓடிய கப்பல்களும் பல வேடம் போட்டவைதான். தலைமன்னாருக்கும் இராமேஸ்வரத்துக்கும் இடையே ஓடிய இராமானுஜம் கப்பலில் எம்மவர் சிதம்பரத்துக்கும் சென்னைக்கும் போனார்கள்; காஞ்சிபுரம் சேலையோடு திரும்பினார்கள். 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி நாடற்றவர்களாக்கப்பட்ட மலையகக் குடும்பங்கள் தாம் பிறந்த மண்ணை விட்டு ஏறியதும் அதே கப்பலில்தான். ஒரே துறையில் ஒருவருக்கு யாத்திரை, மற்றவருக்கு வெளியேற்றம். எமது நினைவுக் குறிப்புகளில் முதலாவதே அதிகம் எழுதப்பட்டிருக்கிறது.

1985 மே 15ஆம் திகதி நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்குப் போன குமுதினிப் படகு நடுக்கடலில் கடற்படையினரால் மறிக்கப்பட்டது. பயணிகள் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். குழந்தைகளும் அதில் அடக்கம். குறைந்தது 23 பேர் என்றது சர்வதேச மன்னிப்புச் சபை. ஊர்க் கணக்கு முப்பதைத் தாண்டுகிறது. குமுதினி பின்னரும் நெடுந்தீவு மக்களை ஏற்றிக்கொண்டு பல வருடங்கள் ஓடியது. கொலை நடந்த பலகையில் உட்கார்ந்தே மக்கள் சந்தைக்குப் போனார்கள். வேறு படகு இருக்கவில்லை. 90களின் முற்பகுதியில் கிளாலிக் கடனீரேரியை இரவில் கடந்தவர்கள் இவ்விதழின் வாசகர்களிலேயே பலர் இருப்பர். முன்னால் ஓர் இயந்திரப் படகு, பின்னால் கயிற்றில் கோத்த வள்ளங்கள், விளக்கில்லாத நீர். 1993 சனவரியில் அங்கே கொல்லப்பட்டவர்களும் எண்ணிக்கையாகவே நிற்கிறார்கள். மன்னார்க் கரையிலிருந்து தனுஷ்கோடிக்குப் போய்த் திட்டுகளில் இறக்கிவிடப்பட்டவர்கள், போய்ச் சேராதவர்கள் பற்றி எண்ணிக்கை தானும் இல்லை.

இவற்றையெல்லாம் எழுத வேண்டும் என்று கூட்டங்களில் பேசும்போது எல்லோரும் தலையாட்டுகிறார்கள். அடுத்த வரியைச் சொன்னதும் கதிரைகள் அசைகின்றன. 1990 ஒக்ரோபரில் விடுதலைப் புலிகள் வடபகுதி முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேற்றினார்கள். ஏறத்தாழ 75,000 பேர். மன்னார்த் தீவின் முஸ்லிம்கள் உடைமைகளைப் பறிகொடுத்துக் கடற்கரையில் காத்திருந்து, படகுகளில் கற்பிட்டிக்குப் போனார்கள். அது எமது பக்கத்தில் நின்று அனுப்பப்பட்ட படகு. ஏர்ல் வில்லியத்தை ஆங்கிலேயர் தம் ஒலிபெருக்கியில் சொல்ல வேண்டும் என்று கேட்கும் நாம், கற்பிட்டிப் படகுகளை எமது பதிவேட்டில் எந்தப் பக்கத்தில் எழுதப் போகிறோம்? 'அதை ஏன் இப்போது கிளறுகிறீர்கள், முதலில் எங்கட கதையைச் சொல்லுவோம்' என்று ஒரு நண்பர் கேட்டார். கற்பிட்டிப் படகுகளும் 'எங்கட கதை'யில்தான் வருகின்றன என்பதே என் பதில். கொன்றவன் அந்நியனாக இருக்கும் படகுகளை மாத்திரம் தொகுத்தால் கிடைப்பது பிரசாரப் பிரசுரம். அதற்கு ஏற்கெனவே குறைவில்லை.

சிலர் நினைவுச்சின்னம் வேண்டும் என்கிறார்கள். கல்லுக்கு நான் எதிரியல்ல. வூலிச்சின் ஆறு பென்ஸ் சிலுவையை மதிக்கிறேன். ஆனால் அங்கே கூட, கல்லில் எழுத 120 பெயர்கள் கிடைக்கவில்லை. முதலில் வேண்டியது ஒரு கொப்பி. படகின் பெயர், சொந்தக்காரர், ஓட்டியவர், எந்தக் கரையிலிருந்து எந்தக் கரைக்கு, திகதி, ஏறியவர் எத்தனை பேர், இறங்கியவர் எத்தனை பேர், காசு எவ்வளவு. பேசாலையிலும் வல்வெட்டித்துறையிலும் அந்தக் காலத்தில் ஓட்டிகளாக இருந்தவர்களுக்கு வயது போய்க்கொண்டிருக்கிறது. ஊருக்குப் போய்வருபவர்கள் அவர்களிடம் கேட்கலாம். கற்பிட்டி, புத்தளம் பகுதிகளில் முஸ்லிம் நண்பர்கள் செய்துள்ள பதிவுகளோடு சேர்த்துப் பார்க்க, அவர்களிடம் அனுமதி கேட்டு எழுத வேண்டும்.

லண்டனில் செய்யக்கூடியது ஏர்ல் வில்லியம். அதிலிருந்தவர்கள் இன்று அறுபது வயதை நெருங்கியவர்கள், தாண்டியவர்கள். ஈஸ்ற்ஹாமிலும் ரூற்றிங்கிலும் ஹரோவிலும் கடை வைத்திருப்பார்கள், பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் கூட்டிப் போவார்கள். அவர்களில் மூவரை எனக்குத் தெரியும். இருவர் ஒலிப்பதிவுக்குச் சம்மதித்துவிட்டார்கள். மூன்றாமவர் தன் பிள்ளைகளுக்கு இதுவரை சொல்லவில்லையாம். அவர்களைக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.